ராஜி

அன்புள்ள சார்,

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் 9 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கோவையில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. ராஜினாமாக் கடிதத்தை மூன்று வாரமாகப் பையில் வைத்துக்கொண்டு போய் வருகிறேன். மேனேஜர் அறைப் பக்கம் போனாலே கை வியர்க்கிறது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். அவர் முகம் வாடினால் தாங்கமாட்டேன். நேரில் சொல்வதா, மெயிலில் அனுப்புவதா? பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்ன ஆகும் என்றும் பயம்.

- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பி,

பணக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 5 ஆண்டு தாண்டியவர் தானாக விலகினாலும் கிராஜுவிட்டி உண்டு. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து. பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் வேலை மாறினாலும் மாறாத அதே பி.எஃப். எண்ணில் (யுஏஎன்) புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 10 வருட சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன். உங்களுக்கு ஒரு வருடம்தான் பாக்கி. கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே! பயத்துக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் டீக்கடையில் மலையாளப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பதவி விலகிய செய்தி, ‘ராஜி’ என்று தலைப்பு. தமிழும் மலையாளமும் கலந்த நம் ஊரில் பிறந்தவனுக்கு இந்தச் சொல் ஒரு வேடிக்கை. மலையாளத்தில் ராஜி என்றால் வேலையை விடுவது. தமிழில் சண்டை தீர்ந்து சமாதானமாவது. முப்பது வருடம் முன்பு நான் பாலக்காட்டு ஆபீஸ் ஒன்றில் வேலையை விட்டபோது, பொள்ளாச்சியிலிருந்து வந்த மாமாவிடம் அம்மா, “இவன் ராஜி வெச்சுட்டான்” என்றாள். மாமா என் தோளைத் தட்டி, “நல்லதாப் போச்சு மாப்ளே, மேலதிகாரிகிட்ட பகை எதுக்கு?” என்றார்.

அவர் சொன்னதும் முழுத் தப்பில்லை. பாரசீகத்தில் ராஸி என்றால் சம்மதம், நாமா என்றால் எழுத்து. சேர்த்தால் ராஜினாமா, சம்மதப் பத்திரம். பழைய பம்பாய் மாகாணத்தில் குடியானவன் நிலத்தை விட்டுக்கொடுக்க எழுதித் தந்ததற்கும் இதே பெயர்தான். இந்தியில் இன்றும் வழக்கில் சமரசமானால் ராஸிநாமா. வேலையை விட்டால் இஸ்தீஃபா.

யாருடைய சம்மதம்? எழுதிக் கொடுப்பவனுடையது. ‘எனக்குச் சம்மதம், போகிறேன்’ என்று நீங்கள் சொல்கிற எழுத்து. நீங்களோ மேனேஜரின் சம்மதத்துக்கு மூன்று வாரமாக வாசலில் நிற்கிறீர்கள். அவர் முகம் வாடாமல், முடிந்தால் கொஞ்சம் சந்தோஷமாகவும், ‘போய் வா’ என்று சொல்ல வேண்டும் உங்களுக்கு. கொஞ்சம் பேராசையாக இல்லை? 9 வருடம் தொழில் சொல்லித் தந்த மனிதருக்கு ஒரு நாள் முகம் வாட உரிமை கிடையாதா? வாடட்டும். அதைத் துடைப்பது உங்கள் வேலை இல்லை. நோட்டீஸ் காலம் முடியும்வரை கணக்கை ஒழுங்காக ஒப்படைப்பதுதான் உங்கள் வேலை.

இப்படிப் பேசுகிறேனே, நானும் பதினோரு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன்தான். வியர்வையில் மை கலைந்து இரண்டு முறை திரும்ப எழுதினேன். கடைசியில் ஒரு மழை நாளில் என் மேலதிகாரியிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் படித்தார். தேதி போடும் இடத்தில் வருடத்தை விட்டிருந்தேன்; பேனாவை என்னிடமே கொடுத்து எழுதச் சொன்னார். கையெழுத்திட்டார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, “ஆபீஸ் குட திரிச்சு கொடுத்தோ?” என்று கேட்டார்.

குடை என் வீட்டில் இருந்தது.