வாசகர் கேள்வி பதில்: பவர் ஆம்ப் கட்டாயம் வேண்டுமா?

கேள்வி: தெரஸ் வீட்டு வரவேற்பறையில் 7 சேனல் ரிசீவர் வைத்திருக்கிறேன். பெட்டியில் 150 வாட் என்று போட்டிருக்கிறது. முன் ஸ்பீக்கர்கள் 87 டெசிபல், 4 ஓம். கடையில் 200 வாட் பவர் ஆம்ப் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: பவர் ஆம்ப் என்பது ரிசீவர் அனுப்பும் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் தனிக் கருவி. அது வேண்டுமா என்று பார்க்க, பெட்டியில் உள்ள 150 வாட்டை முதலில் மறந்துவிடுங்கள். இப்படிப்பட்ட எண்கள் பெரும்பாலும் ஒரே ஒரு சேனலை 6 ஓம் சுமையில், 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் ஓட்டி, ஒலிச் சிதைவையும் தாராளமாக விட்டுக்கொடுத்து எடுத்தவை. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 2 சேனல்' என்று இன்னொரு வரி இருக்கும். அங்கே 80, 90 என்று இருப்பதுதான் நம்பத் தக்கது. ஏழு சேனலும் ஒன்றாக உழைக்கும்போது அதுவும் இறங்கும்.

ஸ்பீக்கர் எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 87 டெசிபல் என்பது வழக்கமாக 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டரில் அளப்பது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 1 வாட். உங்கள் 4 ஓமுக்கு 2 வாட். ஆகவே 1 வாட்டுக்கு உங்களுக்குக் கிடைப்பது 84 டெசிபல்தான். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 9.5 டெசிபல் போய்விடும். சுவர்கள் ஏறக்குறைய 3 டெசிபலைத் திருப்பித் தரும். மிஞ்சுவதை 77.5 என்று வைத்துக்கொள்வோம்.

மைக் வைத்து அளவு சரிசெய்த ரிசீவரில் வால்யூம் 0 (மௌனம் அல்ல, திரையரங்க அளவு) என்றால், ஒரு முன் சேனலின் உச்ச ஒலி 105 டெசிபல். அதற்கு உங்களுக்கு 560 வாட் வேண்டும்! ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு யார் 0-இல் படம் பார்க்கிறார்கள்? −15-இல் பார்த்தால் உச்சம் 90 டெசிபல், 18 வாட் போதும். −10 என்றால் 56 வாட். சப்வூஃபர் இருந்தால் முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதனிடம் தள்ளிவிடுங்கள். சுமை இன்னும் குறையும்.

எனவே உங்களுக்குப் பிரச்சினை வாட் அல்ல, அந்த 4 ஓம். ஓம் பாதியானால் அதே வால்யூமுக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ரிசீவர் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகிறதா, படம் உச்சத்தில் இருக்கும்போது தானாக அணைகிறதா, சத்தம் கூட்டினால் காது கூசுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பவர் ஆம்ப் வாங்கலாம். இல்லையென்றால் காசை வையுங்கள். ரிசீவர் மெனுவில் உள்ள '4 ஓம்' தேர்வைத் தட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பல ரிசீவர்களில் அது உள்ளே மின்னழுத்தத்தைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கும். சக்தியும் கூடவே குறையும்.

வாங்குவது என்று முடிவானால், பாட்டு அதிகம் கேட்பவருக்கு 2 சேனல் போதும். படம் அதிகம் பார்ப்பவர் 3 சேனல் வாங்கட்டும். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரான சென்டரில்தானே வருகிறது. சரவுண்டுக்காக 5, 7 சேனல் வாங்குவது வீண் செலவு. 8 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப் 4 ஓமில் 180, 190 தந்தால் அதன் பவர் சப்ளை திடமானது. 110 மட்டும் தந்தால் உங்கள் ஸ்பீக்கருக்கு ஆகாது.

அடுத்து கெயின், அதாவது உள்ளே வரும் வோல்ட்டை ஆம்ப் எவ்வளவு பெருக்குகிறது என்பது. 200 வாட் என்றால் 8 ஓமில் 40 வோல்ட். 29 டெசிபல் கெயின் உள்ள ஆம்ப் அதை 1.4 வோல்ட் உள்ளீட்டிலேயே தந்துவிடும். கெயின் 23 டெசிபல் என்றால் 2.8 வோல்ட் கேட்கும். ரிசீவரின் ப்ரீ-அவுட் (ஒலியை வெளி ஆம்புக்கு அனுப்பும் சாக்கெட்) அவ்வளவைச் சுத்தமாகத் தருமா என்று பார்க்க வேண்டும். பல ரிசீவர்கள் தருவதில்லை. அதற்கும் முன்னால், ப்ரீ-அவுட் இருக்கிறதா என்றே பாருங்கள். மலிவு ரிசீவர்களில் சப்வூஃபருக்கு மட்டும்தான் இருக்கும்.

ஆம்ப் சேர்த்த பிறகு மைக் வைத்து மறுபடியும் அளவு எடுங்கள். முன் சேனல்களின் அளவு, ரிசீவரில் குறைக்கக்கூடிய எல்லையான −12 டெசிபலில் போய் முட்டி நின்றால் கெயின் மிகுதி. ஆம்பில் கெயின் திருகு இருந்தால் அதைக் குறைத்துவிட்டு இன்னொரு முறை அளங்கள்.

கேள்வி: பாட்டுக்குத் தனியாக ஸ்டீரியோ ஆம்ப், படத்துக்கு ரிசீவர். இரண்டுக்கும் ஒரே ஜோடி முன் ஸ்பீக்கர்களைப் பயன்படுத்த முடியுமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: முடியும். ஆனால் இரண்டின் ஸ்பீக்கர் வயர்களையும் ஒரே ஸ்பீக்கரில் முறுக்கி மாட்டிவிடாதீர்கள். ஒன்றின் சக்தி மற்றதற்குள் போய் இரண்டும் எரியும்.

ஸ்பீக்கர்கள் ஸ்டீரியோ ஆம்பில் மட்டும் இருக்கட்டும். ரிசீவரின் முன் இடது, வலது ப்ரீ-அவுட்டிலிருந்து ஆர்சிஏ வயரை ஆம்பின் 'எச்டி பைபாஸ்' (HT, ஹோம் தியேட்டர்) உள்ளீட்டுக்குக் கொண்டுபோங்கள். இதில் வரும் ஒலி ஆம்பின் வால்யூம் திருகைத் தொடாமல் போகும். சென்டரும் சரவுண்டும் ரிசீவரிலேயே இருக்கும். படம் பார்க்கும்போது வால்யூம் ரிசீவர் கையில். பாட்டுக்கு ரிசீவரைத் தொடவே வேண்டாம்.

பைபாஸ் இல்லாத ஆம்ப் என்றால் ஆக்ஸ் உள்ளீட்டில் மாட்டி, வால்யூமை ஓர் இடத்தில் நிறுத்தி, அந்த நிலையில் அளவு எடுங்கள். படத்துக்கு எப்போதும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். வால்யூம் எண் திரையில் தெரியும் ஆம்ப் என்றால் சுலபம்; வெறும் திருகு என்றால் ஒரு துண்டு டேப்பை ஒட்டி அடையாளம் வையுங்கள்.

பைபாஸ் உள்ளீட்டில் சிடி பிளேயரை மறந்தும் மாட்டாதீர்கள். வால்யூம் கட்டுப்பாடு இல்லாமல் முழுச் சக்தியும் ஒரே அடியாக ட்வீட்டரில் (கீச்சு ஒலி தரும் சிறு ஸ்பீக்கர்) இறங்கும்.

கேள்வி: பவர் ஆம்ப் மாட்டியதிலிருந்து இடைவிடாத 'ம்ம்ம்' சத்தம். எர்த் பின்னைக் கழற்றினால் நின்றுவிடும் என்கிறார் நண்பர்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நிற்கும்தான். ஆனால் உள்ளே ஒரு வயர் தளர்ந்து உலோக உடலைத் தொட்டால், தொடுகிறவரைக் காப்பாற்ற எதுவும் இருக்காது. அந்தப் பின்னைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டெக்கோடரிலிருந்து டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு சத்தம் நின்றுவிடும். கேபிளின் வெளியுறை கூரையில் ஒரு எர்த்தைத் தொடும், ஆம்ப் சுவர் பிளக்கில் இன்னொரு எர்த்தைத் தொடும். அந்த வளையத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ்தான் நீங்கள் கேட்பது. ஆன்டெனாவுக்கென்று விற்கும் ஐசோலேட்டரை டிஷ் கேபிளில் போட்டால் படமே போய்விடும், ஏனென்றால் டிஷ்ஷில் சிக்னலைப் பிடிக்கும் கருவியான எல்என்பிக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது. ப்ரீ-அவுட்டுக்கும் ஆம்புக்கும் நடுவே ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். மலிவானது அடி பாஸைக் கொஞ்சம் விழுங்கும். இரு பக்கமும் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் இணைப்பு) இருந்தால் முதலில் அதை முயன்று பாருங்கள்.

கேள்வி: பழைய ஆம்ப். மெதுவாக வைத்தால் ஒரு பக்கம் கேட்பதில்லை. சத்தம் கூட்டினால் 'டக்' என்று வந்துவிடுகிறது.
– வாசகர், பினாங்கு

பதில்: பெரும்பாலும் ஸ்பீக்கர் ரிலேயின் (ஆம்பை ஸ்பீக்கரோடு இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) முனைகள் கறுத்திருக்கும். உங்கள் ஊர்க் கடற்காற்றும் அதற்கு ஒத்தாசை. தேய்த்துச் சுத்தம் செய்தால் சில மாதம் ஓடும். அதே வோல்ட், அதே ஆம்பியர் ரிலே புதிதாக மாற்றுவதே சரி.

கேள்வி: அமெரிக்க 120 வோல்ட் ஆம்ப் மலிவாகக் கிடைக்கிறது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாமா?
– வாசகர், செராஸ்

பதில்: பின்புறத்தில் '60 ஹெர்ட்ஸ்' மட்டும் எழுதியிருந்தால் யோசியுங்கள். நம் 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும், ரீங்கரிக்கும். '50/60' என்றிருந்தால் ஓட்டலாம். பின்புறம் 600 வாட் என்றிருந்தால் 1,500 விஏ (வோல்ட்-ஆம்பியர், தாங்கும் சுமையின் அளவு) டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். அளவெடுத்தாற்போல் 600 வாங்கினால் பாஸ் அடிக்கும்போது மூச்சு வாங்கும். புடு, ஜாலான் பாசார் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஜப்பான் ஆம்புக்கு 100 வோல்ட் வெளியீடு தரும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 110-இல் போட்டால் எப்போதும் 10 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் ஓடும். சில ஆம்ப்களில் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்று இரண்டாக இருக்கும். அவற்றைத் தொடராக இணைத்து, ஃபியூஸையும் மாற்றினால் நேரே 230-இல் ஓடும். சர்வீஸ் கையேடு கையில் உள்ள டெக்னீஷியனிடம் மட்டும் அந்த வேலையைக் கொடுங்கள்.