புல்லட் ரயிலுக்கு ஏன் அத்தனை நீள மூக்கு?

கேள்வி: பைக்கில் போகும்போது பெரிய லாரி முந்தினால் முதலில் வெளியே தள்ளுகிறது, உடனே உள்ளே இழுக்கிறது. லாரிக்கு முன்னால் காற்று இறுகி நிற்பதுதான் காரணமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

தள்ளுவதும் இழுப்பதும் உண்மை. காற்று இறுகுகிறது என்பதுதான் சரியில்லை. 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரியின் முகப்பில் அழுத்தம் சுமார் 300 பாஸ்கல் கூடுகிறது. சதுர மீட்டருக்கு 30 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வளிமண்டல அழுத்தமே 1,01,325 பாஸ்கல். ஆகவே காற்றின் அடர்த்தி கூடுவது வெறும் 0.2 சதவீதம். காற்று இறுகாமல் பக்கவாட்டில் விலகிவிடுகிறது.

விலகும் அந்தக் காற்றுதான் முதலில் உங்களை இடப்பக்கம் தள்ளுகிறது. முகப்பு தாண்டியதும் லாரியின் பக்கச்சுவரோரம் காற்று வேகமெடுத்து, அழுத்தம் குறைந்திருக்கும். அங்கே வலப்பக்கம் இழுபடுவீர்கள். ஆபத்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான். தள்ளலைச் சமாளிக்க லாரிப் பக்கமாகச் சாய்ந்திருப்பீர்கள். தள்ளல் சட்டென்று நின்று இழுப்பு தொடங்கினால், உங்கள் சாய்வும் அதுவும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். கண்ணாடியில் லாரி தெரிந்ததுமே இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி: மாக் 0.3-க்குக் கீழே, அதாவது ஒலிவேகத்தில் 0.3 பங்குக்குக் கீழே, காற்று இறுகுவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று படித்தேன். 300 கி.மீ.யில் ஓடும் ஜப்பான் புல்லட் ரயில் மாக் 0.25-ஐத் தாண்டாது. பிறகு சுரங்கப்பாதையில் வெடிச்சத்தம் எப்படி வருகிறது?
– கல்லூரி மாணவி, கோவை

அந்த விதி திறந்தவெளிக்கானது. சுரங்கத்துக்குள் காற்று விலக இடமில்லை. ரயில் நுழைந்ததும் முன்னாலிருக்கும் காற்று இறுகி, ஏறத்தாழ 2,000 பாஸ்கல் அழுத்த அலையாக ஒலிவேகத்தில் மறுமுனைக்கு ஓடுகிறது. அந்த வாயிலில் வெளியேறும்போதுதான் சத்தம் கேட்கிறது.

மூக்கின் நீளம் முக்கியமாவது இங்கேதான். 15 மீட்டர் மூக்கு உள்ளே நுழைய 0.18 நொடி ஆகும். அதற்குள் அலையின் முன்நுனி 60 மீட்டர் போயிருக்கும். அதாவது அழுத்தம் 60 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக ஏறுகிறது. மூக்கு 5 மீட்டர் என்றால் வெறும் 20 மீட்டரில் ஏறிவிடும்.

அலை அப்படியே இருப்பதும் இல்லை. அதன் பின்பகுதியில் காற்று சற்றுச் சூடானது, முன்னோக்கி நகர்ந்துகொண்டும் இருப்பது. அதனால் பின்பகுதி முன்நுனியைவிட நொடிக்குச் சுமார் 6 மீட்டர் கூடுதலாக ஓடி அதை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். உரசலை விட்டுவிட்டுத் தோராயமாகக் கணக்கிட்டால், 20 மீட்டர் அலை 1.2 கி.மீ.யிலேயே செங்குத்தாகிவிடும் (அழுத்தம் ஒரேயடியாக ஏறும்), 60 மீட்டர் அலைக்கு 3.5 கி.மீ. வேண்டும். வெளிவாயில் சத்தத்தைத் தீர்மானிப்பது அழுத்தத்தின் அளவைவிட, அது எவ்வளவு சடுதியில் ஏறுகிறது என்பதே. கதவு, ஜன்னல் அதிர்வதும் இதனால்தான்.

1975-இல் ஜப்பானின் சான்யோ புல்லட் ரயில் பாதை ஹகாட்டா நிலையம் வரை நீண்டபோது இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியவந்தது. அங்கே ஜல்லிக்குப் பதில் கான்கிரீட் பலகைமேல் தண்டவாளம் போட்டிருந்தார்கள். ஜல்லியின் இடுக்குகள் அலையை ஓரளவு உறிஞ்சி மழுங்கடிக்கும். கான்கிரீட் அதைச் செய்யாது.

1997-இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை புல்லட் ரயிலின் 15 மீட்டர் மூக்கைச் சொல்லும்போதெல்லாம், மீன்கொத்தி அலகைப் பார்த்து வடிவமைத்தது என்று சேர்த்தே சொல்வார்கள். அழகான கதைதான். ஆனால் காரியத்தைச் சாதித்தது, மூக்கின் குறுக்குப் பரப்பு நுனியிலிருந்து சீராகக் கூடுவதும், பெட்டியையே ஒடுக்கமாகக் கட்டியதும். அழுத்தம் மெதுவாக ஏற, சுரங்க வாயிலுக்கு முன்னால் நீட்டியபடி அகலமான கூண்டும் கட்டுகிறார்கள். அதன் பக்கத்தில் திறப்புகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் அழுத்தம் கூண்டு வாயிலில் ஒருமுறை, சுரங்க வாயிலில் ஒருமுறை என இரண்டு படியாக ஏறும், பலன் குறைந்துபோகும்.

கேள்வி: போர் விமானத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் ஒலிவேகத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தமா?
– வாசகர், தாம்பரம்

இல்லை. மாக் 0.95-இல் பறந்தாலே இறக்கையின் மேல் காற்று மாக் 1.2 வரை போகலாம். அங்கே அழுத்தம் விழுந்து, 30 டிகிரி காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்து, ஈரம் மேகமாகிறது. அதன் பின்னால் அழுத்தம் சட்டென்று ஏறும் எல்லையான அதிர்ச்சி அலையைத் தாண்டியதும் அழுத்தம் திரும்ப ஏறி மேகம் மறைவதால்தான் வளையத்தின் பின்விளிம்பு கத்தரித்ததுபோலத் தெரிகிறது. வறண்ட காற்றில் மாக் 1-ஐத் தாண்டினாலும் வளையம் வராது.