மூணாறில் கப்கேக் ஏன் நடுவில் அமுங்குகிறது?

மூணாறு எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகளுக்கு ஏழாவது பிறந்தநாள் வருகிறது. அவளுடைய தோழிகளையும் சேர்த்துக்கொண்டு யானை முகம், வரையாட்டு முகம் வைத்த கப்கேக் செய்ய ஆசை. இரண்டு தடவை செய்து பார்த்தேன். ஓவனுக்குள் புசுபுசுவென்று எழும்பியது, வெளியே எடுப்பதற்குள் நடுவில் குழி விழுந்துவிட்டது. தேனியில் நாத்தனார் இதே அளவில் செய்கிறார், அவருக்கு நன்றாக வருகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன்?"

உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. தேனி சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டரில். உங்கள் ஊரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகத் தாமதமாவதும் அதனால்தான். காற்றழுத்தம் குறைவு என்பதால் பேக்கிங் பவுடர் கிளப்பும் வாயு அதிகமாக விரிகிறது. மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே குமிழ்கள் பெருத்து உடைந்துவிடும். குழி விழுவது அப்படித்தான்.

அதனால் நாத்தனாரின் அளவைக் கொஞ்சம் மாற்றுங்கள். 12 கப்கேக்குக்கு மைதா 190 கிராம், வெண்ணெய் 115 கிராம், முட்டை 2 என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியாகக் குறையுங்கள். 150 கிராம் சர்க்கரை என்றால் 135 போதும். அரை கப் பாலோடு இன்னும் இரண்டு மேசைக்கரண்டி சேருங்கள், மலைக்காற்றில் ஈரம் சீக்கிரம் போய்விடும். 180 டிகிரிக்குப் பதில் 190 வைத்து, 15 நிமிடத்திலிருந்தே குச்சி குத்திப் பாருங்கள். பேப்பர் கப்பில் பாதிக்குச் சற்று மேல் வரை ஊற்றினால் போதும்.

குளிரில் வெண்ணெய் கல்லாகிவிடும். முதல் நாள் இரவே வெளியே எடுத்து வையுங்கள். அப்படியும் இளகவில்லை என்றால் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் மேல் சற்று நேரம் வையுங்கள். உருகவிடக் கூடாது.

சரி, இனி பிள்ளைகளின் வேலை. கேக் நன்றாக ஆறியபிறகுதான் கிரீம் தடவ வேண்டும். 100 கிராம் வெண்ணெய், 200 கிராம் ஐசிங் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி பால் அடித்து, பல்குத்தும் குச்சி நுனியளவு கறுப்பு ஜெல் கலர் சேர்த்தால் யானைச் சாம்பல் வந்துவிடும். மாரி பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து இரு பக்கமும் செருகினால் காது. கிரீமைப் பிழிந்தே தும்பிக்கை வரையலாம். பிஸ்கட்டைப் பரிமாறும் நேரத்தில் செருகுங்கள், முன்பே வைத்தால் நமத்துப்போகும்.

வரையாட்டுக்குக் கிரீமில் கோகோ கலந்துகொள்ளுங்கள். கொம்புக்கு முந்திரிப் பருப்பை இரண்டாகப் பிளந்து, வளைவு பின்பக்கம் பார்க்கும்படி நடுங்கள். ராஜமலையில் வரையாட்டைப் பார்த்த பிள்ளை, கொம்பு முன்னால் வளைந்தால் உடனே தப்பு என்று சொல்லிவிடும்! கேரளத்தின் மாநில விலங்கு யானை, தமிழ்நாட்டினுடையது வரையாடு. இரண்டும் உங்கள் வீட்டுத் தட்டில் அருகருகே நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே தம்பி தங்கைகள் வந்தால், முந்திரி தொண்டையில் சிக்கலாம். அவர்களுக்கு மெல்லிய சாக்லேட் சீவலில் கொம்பு வையுங்கள். முந்திரி யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று தாய்மார்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பச்சை முட்டை கலந்த மாவை யாரும் நக்கவிடாதீர்கள். ஓவன் பக்கம் நீங்கள் மட்டும் நில்லுங்கள்.