நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வேலையை மாற்றிக்கொண்டு, வாழ்க்கை மற்றும் இறுதிக்கால வழிகாட்டி ஆக முடியுமா?

நிலையான வேலையை விட்டுவிட்டு, இறுதிக்காலத்தில் இருப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும் துணை நிற்கும் இந்தப் பணிக்கு வர விரும்புவதாகவும், அதற்கு எந்தச் சான்றிதழ் வேண்டும், அதைக் கொண்டு குடும்பம் நடத்த முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று இதே பணிக்கு வந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஆகலாம்; ஆனால் சான்றிதழிலிருந்து தொடங்காதீர்கள், மரணப் படுக்கையில் இருப்பவரிடம் கட்டணம் வாங்கிப் பிழைக்கலாம் என்ற கணக்கோடும் வராதீர்கள்.

இந்தியாவில் இப்பணிக்கென்று அரசு உரிமம் எதுவும் இல்லை. 2003-இல் நியூயார்க்கில் ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் என்ற சமூகப் பணியாளர், பிரசவத் துணையாளர்களை முன்மாதிரியாகக் கொண்டு இறுதிக்காலத் துணையாளர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார். அதன்பின் பல நாடுகளில் பயிற்சி நிறுவனங்கள் பெருகின. அவை தரும் சான்றிதழ் படித்ததற்கு அத்தாட்சியே தவிர, தொழில் செய்வதற்கான உரிமம் ஆகாது. பெருந்தொகை கட்டி இணையவழியில் அதைப் பெறுவதைவிட, நோய் ஆதரவுச் சிகிச்சைக் (தீராத நோயின் வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சை) குழு ஒன்றில் தொண்டராகச் சேர்ந்து, செவிலியருக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது நல்ல படிப்பு. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண மையமும், அதிலிருந்து கிளைத்த அண்டைவீட்டார் வலையமைப்பும் மருத்துவம் படிக்காத சாதாரண மக்களைப் பயிற்றுவித்தே வளர்ந்தன. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டிற்கே வந்து அளிக்கும் ஆதரவுச் சிகிச்சை இடம்பெற்றிருக்கிறது.

வயதைப் பற்றிய தயக்கம் தேவையில்லை. நவீன ஹாஸ்பிஸ் (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் செவிலியராக இருந்து, முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பின்னர் மருத்துவம் படித்து 1957-இல், நாற்பதை நெருங்கும் வயதில், மருத்துவரானவர். லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை 1967-இல் திறந்த அவர், நோயாளியின் வலி என்பது உடல், மனம், குடும்பமும் பணமும் சார்ந்த கவலை, ஆன்மிகத் தவிப்பு ஆகிய நான்கும் சேர்ந்தது என்று வலியுறுத்தினார். இந்த மூன்றாவது வகை வலியில்தான் என்னுடைய பழைய வேலை எனக்குக் கைகொடுத்தது.

அடையாளங்களை மாற்றி ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியருக்குக் குடலில் புற்றுநோய் முற்றியிருந்தது. மகன் வாசலிலேயே நிறுத்தி, "அப்பாகிட்ட அல்சர்னுதான் சொல்லியிருக்கோம், நீங்க எதுவும் வாய்விட்டுடாதீங்க சார்" என்றார். உள்ளே போனால், பெரியவர் மனைவியைக் காபி போட அனுப்பிவிட்டு, "எனக்கப்புறம் இவளுக்குப் பென்ஷன் வந்துடுமில்ல?" என்று கேட்டார். எல்லாம் தெரிந்தவருக்கு நோயின் பெயரை நான் போய்ச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பென்ஷன் புத்தகத்தை எடுத்துப் பார்த்ததில், மனைவியின் பெயர் அதில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தது. அதைத் திருத்த அவருடைய கையெழுத்து வேண்டும் என்பதால், அவருடைய அனுமதியோடு மகனையும் அழைத்து உட்கார வைத்தேன். விண்ணப்பம் எழுதும் சாக்கில் அப்பாவும் மகனும் பேச ஆரம்பித்தார்கள். நான் காபியைக் குடித்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தேன். இந்தப் பணியில் பாதி நேரம் அதுதான் வேலை.

மீதிப் பாதி, வீட்டாரின் பயங்களோடு இருப்பது. கடைசி நாட்களில் சாப்பாடு இறங்காதபோது, பட்டினி போட்டுக் கொல்கிறோமோ என்று குடும்பமே குமையும். உடல் ஓயும்போது பசி தானாகவே அடங்குவது இயல்பு என்பதையும், விழுங்க முடியாதவருக்கு வலுக்கட்டாயமாகப் பாலோ தண்ணீரோ புகட்டினால் புரையேறிவிடும் என்பதையும் செவிலியர் விளக்குவார். சுத்தமான துணியை நனைத்து உதட்டையும் வாயையும் ஈரமாக வைத்திருப்பதை மகளுக்கோ மருமகளுக்கோ பக்கத்தில் இருந்து செய்து காட்டுவது நம் வேலை. மருந்தின் அளவைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. 'நேர்மறையாக நினையுங்கள்' என்ற வகை ஊக்கப் பேச்சையும் (வாழ்க்கைப் பயிற்சியாளர்களாக இருந்து வருபவர்களுக்கு இது நாக்கு நுனியிலேயே இருக்கும்) வாசலில் விட்டுவிட்டுப் போவது நல்லது. நோய் முற்றியது தன்னுடைய மனத்திண்மைக் குறைவால்தான் என்று நோயாளியை நினைக்க வைப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

வருமானத்துக்கு வருகிறேன். நோயாளி இருக்கும் வீடு எந்தக் கட்டணத்தையும் பேரம் பேசும் நிலையில் இருக்காது. ஆகவே அங்கே நான் பணம் வாங்குவதில்லை. ஆரோக்கியமாக இருக்கும், ஓய்வு பெற்ற அல்லது பெறவிருக்கும் தம்பதியருக்கு ஆவணங்களை ஒழுங்குபடுத்தித் தருவதற்கு மட்டும் கட்டணம் பெறுகிறேன். வங்கி வைப்புத்தொகைக்கு நியமனதாரராக (நாமினி) இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாமே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பது படித்தவர்கள் பலருக்கே தெரியாது. பின்னாளில் தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. அதன்படி இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். முன்புபோல் நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டியதில்லை. இத்தகைய விவரங்களை விளக்கி, உயில் எழுத வழக்கறிஞரிடம் அனுப்பிவைப்பதோடு என் எல்லை முடிகிறது. இதில் கிடைப்பது பழைய சம்பளத்தில் சிறு பகுதிதான். ஓய்வூதியம் இல்லாதிருந்தால் நான் இதில் நீடித்திருக்க மாட்டேன்.

எனவே, வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்லூரிச் செலவும் பாக்கி இருக்குமானால் இப்போதே ராஜினாமா செய்ய வேண்டாம். வார இறுதிகளில் தொண்டராகப் போகத் தொடங்குங்கள். அண்மையில் பெற்றோரையோ துணையையோ இழந்திருந்தால் அதைக் குழுவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறிது காலம் பொறுத்து வரச் சொன்னால் வருத்தப்படாமல் பொறுத்திருங்கள்.