வைகாசிக்கு முன் சேவர் மாறலாமா?

அன்புள்ள அண்ணன்,

மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கத்து வடமோடி, தென்மோடிக் கூத்துகளையும் கண்ணகி அம்மன் சடங்குகளையும் பதிந்துவைக்கும் வேர்ட்பிரஸ் தளம் ஒன்றைச் சில வருடங்களாக நடத்துகிறேன். போன வைகாசியில், சடங்கு நிறைவுறும் குளிர்த்தி இரவு, வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆட்கள் ஒரேயடியாகப் பார்க்க வந்ததும், ‘அளவுக்கு மேல் பாவித்துவிட்டீர்கள்’ என்று ஹொஸ்டிங் கம்பனி தளத்தை நிறுத்திவிட்டது. இனி ஷெயார்ட் ஹொஸ்டிங் வேண்டாம், தனிச் சேவருக்குப் போகலாம் என்று யோசிக்கிறேன். டொமைனை, அதாவது தளத்தின் பெயரை, அந்த நேரம் கனடா மச்சான்தான் வாங்கித் தந்தவர். எந்தக் கம்பனி நல்லது? பழைய பதிவுகள் ஒன்றும் அழியக்கூடாது.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கம்பனியைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிய வரி ‘மச்சான்தான் வாங்கித் தந்தவர்’ என்பதுதான். டொமைன் அவருடைய மெயிலில், அவருடைய கிரெடிட் காட்டில் இருக்கிறது. அவர் அந்த மெயிலை இப்போது திறக்கிறாரா? புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் அங்கேயே கிடந்து காலாவதியானால், டொட் கொம் போன்ற பெயர்களுக்குப் பதிவாளர் (பெயரை விற்ற கம்பனி) நீக்கிய பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குள் மீட்கக் கட்டணமும் கூட. பிறகு 5 நாள் மீட்கவும் முடியாமல் நிற்கும். அதுவும் போனால் யாரும் வாங்கலாம். சேவர் எரிந்தாலும் பேக்அப் இருந்தால் தளத்தை எழுப்பலாம். பெயர் போனால் எழுப்ப இடமில்லை. ஆகவே மச்சானுடன் கதைத்து, கணக்கை உங்கள் பெயருக்கும் மெயிலுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். சேவர் மாறுவதற்காக டொமைனையும் வேறு பதிவாளரிடம் கொண்டுபோக வேண்டியதில்லை. பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். டிஎன்எஸ் என்பது எந்தப் பெயர் எந்தச் சேவரில் என்று சொல்லும் பதிவேடு; அதில் ஏ ரெக்கோட் என்ற வரியில் புதுச் சேவரின் ஐபி இலக்கத்தை, அதாவது அதன் முகவரி எண்ணை, போட்டால் போதும்.

தளம் ஏன் நின்றது? ஷெயார்ட் ஹொஸ்டிங்கில் பல தளங்களுக்கு ஒரே சேவர், பல வீடுகளுக்கு ஒரு கிணறு போல. உங்கள் வீட்டில் கலியாணம் என்றால் மற்றவர்களுக்குத் தண்ணீர் இல்லாமல் போகும், அதனால் கம்பனிக்காரன் கயிற்றை எடுத்துவிடுகிறான். ஆனால் அந்த இரவு உங்களுக்கு அவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டதா என்பதுதான் என் சந்தேகம். வேர்ட்பிரஸ் ஒவ்வொருவருக்கும் பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்கிறது: பிஎச்பி நிரல் ஓடவேண்டும், தரவுத்தளத்தில் தேடவேண்டும். ஒரே குளிர்த்திப் பதிவை ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் தரம். கேஷ் பிளகின் ஒன்று இருந்தால் தயாரித்த பக்கத்தையே எல்லோருக்கும் நீட்டும். அதைப் போட்டிருந்தால் பழைய இடத்திலேயே சமாளித்திருக்கவும் கூடும்.

ஒலிப்பதிவுகளையும் அதே ஹொஸ்டிங்கில் வைத்திருந்தால் அது அடுத்த பாரம். 128 கிலோபிட் எம்பி3 ஒரு மணித்தியாலத்துக்கு 57 எம்பிக்கு மேல் வரும். விடிய விடிய ஆடும் கூத்து எட்டு மணித்தியாலம் என்றால் கிட்டத்தட்ட 460 எம்பி. அவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஏற்றி, பதிவில் இணைப்பைக் கொடுங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துடனும் கதைத்துப் பாருங்கள். ஒலிப்பதிவுகளும் அவர்களுடைய வேலைதான். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் குரல் உங்கள் கிரெடிட் காட்டை நம்பி இருக்கக்கூடாது.

இதற்குப் பிறகும் மாறத்தான் வேண்டுமென்றால் மாறுங்கள். தனிச் சேவரில் காவல் நீங்கள்தான். திறந்த சில மணித்தியாலத்திலேயே முன்பின் தெரியாத ஐபிகள் பாஸ்வேர்ட் ஊகித்து உள்ளே வரப் பார்க்கும். பாஸ்வேர்ட் நுழைவை மூடி, உங்கள் கணினியில் இருக்கும் சாவிக் கோப்பால் மட்டும் நுழையுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாக ஓடட்டும்.

இனித் தமிழ். ஆங்கிலத் தளம் மாற்றுகிறவர்களுக்கு இந்தத் தலையிடி கிடையாது. குறிமுறை என்பது எழுத்தைக் கணினி எண்ணாகச் சேமிக்கும் முறை. யூடிஎஃப்8 என்ற குறிமுறையில் நம் எழுத்து ஒவ்வொன்றுக்கும், புள்ளிக்கும் கொம்புக்கும் கூட, மூன்று பைட். வேர்ட்பிரஸ் பாவிக்கும் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகளில் இயல்பான குறிமுறை ஐரோப்பிய எழுத்துக்கான லத்தீன்1, 8.0 பதிப்பில்தான் யூடிஎஃப்8எம்பி4 ஆனது. பழைய அட்டவணை ‘நான் லத்தீன்’ என்று சொல்லிக்கொண்டு உள்ளே தமிழை வைத்திருக்கும். தளத்தில் ஒழுங்காகத் தெரியும். ஏற்றுமதி செய்யும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே தரவுத்தளத்திலிருந்து எடுத்த எஸ்கியூஎல் கோப்பை எடிட்டரில் திறந்து ஒரு பதிவைத் தேடிப் பாருங்கள். தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் வரிசையாக நின்றால் பயப்படவேண்டாம்: லத்தீன்1 என்று சொல்லி மறுபடி ஏற்றுமதி செய்து, கோப்பின் தலைப்பில் குறிமுறையை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கிப் புதுத் தரவுத்தளத்தில் இறக்கினால் பெரும்பாலும் சரிவரும். வெறும் கேள்விக்குறிகள் நின்றால் அந்தக் கோப்பில் எழுத்து போய்விட்டது, அதிலிருந்து மீட்க முடியாது. பழைய தளம் உயிரோடிருக்கும்போதே திரும்ப எடுங்கள்.

தமிழ்த் தலைப்புகளின் முகவரியும் ஒரு கூத்துத்தான். இணைய முகவரியில் ஒரு தமிழ்க் குறி (எழுத்தோ, புள்ளியோ, கொம்போ) ஒன்பது எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. ஆக 22 குறிக்கு மேல் போகாது, நீண்ட தலைப்பின் முகவரி நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். மாறும் சாக்கில் அவற்றைத் திருத்தப் போகாதீர்கள். வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் சுற்றுவது அந்த வெட்டுப்பட்ட முகவரிகள்தான். புதிய இடத்தில் முகப்பு திறந்து, உள்பக்கம் எல்லாம் 404, அதாவது ‘பக்கம் இல்லை’, என்று காட்டினால் தமிழைக் குறை சொல்லவும் வேண்டாம்: பக்கங்களைப் பரிமாறும் மென்பொருள் பழைய இடத்தில் அப்பாச்சியாகவும் புதியதில் என்ஜின்எக்ஸாகவும் இருந்தால், அப்பாச்சி விதிக்கோப்பை என்ஜின்எக்ஸ் வாசிக்காது, அந்த விதியை அதன் அமைப்பில் எழுதவேண்டும்.

மாறுவதற்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை, அதாவது பழைய ஐபியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 செக்கனுக்குக் குறையுங்கள். உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனையும் புது ஐபியையும் எழுதினால் புதுத் தளம் உங்களுக்கு மட்டும் தெரியும். உலகம் பழையதையே பார்க்கும். படம், பின்னூட்டம், தேடல் எல்லாம் தட்டிப் பார்த்த பிறகே ஏ ரெக்கோட்டை மாற்றுங்கள். டொமைனின் பெயரில் மெயில் பாவித்தால், மெயில் போகும் இடத்தைச் சொல்லும் எம்எக்ஸ் ரெக்கோட்டில் கைவைக்காதீர்கள். அந்த மெயில்பெட்டி பழைய ஹொஸ்டிங்கில் இருந்தால், கணக்கை மூடுமுன் அதற்கும் வேறு இடம் பார்க்கவேண்டும். அதற்குப் புதுச் சேவரை நம்பவேண்டாம்: மெயில் அனுப்பும் வாசலான 25ஆம் போர்ட்டைப் பல கம்பனிகள் அடைத்தே தருகின்றன.

கம்பனி? மாதம் ஐந்தாறு டொலர் சேவர் உங்களுக்குக் காணும், பெயர் தெரிந்த எதுவும் சரி. சிங்கப்பூர் நமக்குக் கிட்ட. ஆனால் குளிர்த்தி இரவில் வருகிறவர்கள் லண்டனிலும் டொரண்டோவிலும் இருந்தால் ஐரோப்பாவில் வையுங்கள். வருடக் காசை முன்கூட்டிக் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஆனபோது மாதாமாதம் கட்டினவர்கள் பட்ட பாடு தெரியும்தானே.

இந்த வேலையை மாசி, பங்குனியில் முடியுங்கள். பழைய கணக்கை வைகாசிச் சடங்கு முடியும் வரை மூடவேண்டாம்.