ரீஸ்டோர் பண்ணின வில்லீஸ் பிக்கப் வாங்கலாமா? பெயிண்டை விடுங்க, சேஸ் நம்பரைப் பாருங்க

பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்கற ஒரு தம்பி கேட்டிருக்கார். 1972 மாடல் மஹிந்திரா வில்லீஸ் ஜீப் பிக்கப், முழுசா ரீஸ்டோர் பண்ணினது, புரோக்கர் ஆறரை லட்சம் சொல்றாராம். ஓடறது பிஜோ டீசல் இன்ஜின், ஆனா ஆர்சி புக்குல பெட்ரோல்னு இருக்கு. கேட்டா "50 வருஷம் தாண்டின வண்டி சார், வின்டேஜ் நம்பர் வாங்கித் தந்துடறேன், எல்லாம் சரியாயிடும்"ங்கறாராம். தோப்புல காய் ஏத்தணும், லீவுக்கு குடும்பத்தோட வால்பாறை போகணும், ஐம்பதாயிரம் அட்வான்ஸ் குடுத்துடலாமான்னு கேக்கறார்.

தம்பி, இப்ப ஒரு ரூபா குடுக்காதீங்க.

முதல்ல அந்த வின்டேஜ் கதையை முடிச்சுடறேன், ஏன்னா இன்னைக்கு பழைய வண்டி விக்கறவங்க எல்லாருக்கும் இந்த ஒரு வார்த்தைதான் சோறு போடுது. 2021 ஜூலைல மத்திய அரசு இதுக்குன்னு விதி கொண்டு வந்தாங்க. முதல் பதிவு தேதில இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், வண்டி ஒரிஜினல் உருவத்துல இருக்கணும், சேஸ்ங்கற அடிச்சட்டம், பாடி, இன்ஜின் இதுல எதையும் பெரிசா மாத்தியிருக்கக் கூடாது. பிஜோ இன்ஜின் ஏத்தின வில்லீஸ் அந்த இடத்துலயே அடிபட்டுப் போச்சு, அதுல வந்தது 2.2 லிட்டர் ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின். அப்புறம் 50 வருஷக் கணக்கு மாடல்ல இருந்து இல்ல, பதிவுல இருந்து. ஆர்மி டிஸ்போசல்ல, அதாவது ராணுவம் கழிச்சு வித்ததுல வந்த வண்டியா இருந்தா மாடல் 72-னு சொல்வாங்க, சிவில் பதிவு 80-லயோ 85-லயோதான் ஆகியிருக்கும், அதனால ஆர்சில முதல் பதிவு தேதி எதுன்னு நீங்களே கண்ணால பாருங்க.

சரி, எல்லாம் பொருந்தி வின்டேஜ் நம்பரே கிடைக்குதுன்னு வச்சுக்குவோம். 20,000 ரூபா கட்டணம், 10 வருஷம் செல்லும், நம்பர்ல விஏ-ன்னு எழுத்து வரும். ஆனா அந்த வண்டியை கண்காட்சிக்கு, ராலிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போகலாமே தவிர தினம் ஓட்ட முடியாது, வியாபாரத்துக்கு அறவே கூடாது. ஒரு தேங்காய் மூட்டை ஏத்தினாலும் தப்பு. அப்ப உங்களுக்கு அந்த நம்பர் எதுக்கு? வின்டேஜ் பதிவு கட்டாயமும் இல்ல, எஃப்சி, அதாவது வண்டி ரோட்ல ஓடத் தகுதின்னு தர்ற சான்றிதழ் எடுத்து சாதா நம்பர்லயே ஓட்டலாம். இதை மட்டும் எந்த புரோக்கரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க.

இப்ப நிஜமான ஆபத்துக்கு வர்றேன். ரீஸ்டோர் பண்ணினதுன்னா நம்ம ஆளுங்க பெயிண்டைத்தான் பாக்கறாங்க, பாடியைத் தட்டிப் பாக்கறாங்க, ஹாரன் அடிச்சுப் பாக்கறாங்க. நீங்க மண்ணெண்ணெய் நனைச்ச ஒரு துணியும் டார்ச்சும் எடுத்துட்டுப் போங்க, சேஸ்ல நம்பர் அடிச்ச இடத்துல கிரீஸையும் பெயிண்டையும் துடைச்சுட்டு அதுமேல நகத்தை மெதுவா ஓட்டுங்க. கம்பெனில அடிச்ச எழுத்து ஆழமும் இடைவெளியும் ஒண்ணுபோல இருக்கும். நம்பரைச் சுத்தி கிரைண்டர் ஓட்டின கோடு தெரிஞ்சாலோ, வெல்டிங் வச்ச சின்ன தகடு மாதிரி மேடு தட்டினாலோ, வண்டியை அங்கேயே விட்டுட்டு வந்துடுங்க. சில வருஷம் முன்னாடி என்கிட்ட சர்வீசுக்கு வந்த ஒருத்தர், அழகான பச்சை பிக்கப், நாலரை லட்சம் குடுத்து வாங்கியிருந்தார். எஃப்சிக்குப் போனப்ப இன்ஸ்பெக்டர் சேஸ் நம்பர் மேல பேப்பர் வச்சு பென்சிலால தேய்ச்சு பிரிண்ட் எடுத்தார், கடைசி மூணு எண்ல ஒரு 3 மட்டும் மத்த எழுத்தைவிட கொஞ்சம் குட்டையா, வளைவு வேற மாதிரி. அவ்வளவுதான், வண்டி அங்கேயே நின்னுடுச்சு. புரோக்கர் போன் அன்னைக்கு சாயங்காலமே ஸ்விட்ச் ஆஃப். அந்த மனுஷன் ஒர்க்‌ஷாப் வாசல்ல உக்காந்து அழுதது இன்னும் கண்ணுல நிக்குது, அதனாலதான் இவ்வளவு கத்தறேன்.

இன்னொண்ணு, ஓனர் பேர் மாத்தற ஃபார்ம் 29, 30. ஓனர் கையெழுத்து போட்டு, தேதி போடாம, வாங்கறவர் பேர் எழுதாம புரோக்கர் பையில சுத்திட்டு இருக்கும். நாலு கை மாறியிருக்கும், ஆர்சில இருக்கற ஆள் உயிரோட இருக்காரான்னு கூட இவங்களுக்குத் தெரியாது. அவர் இறந்திருந்தா வாரிசு சான்றிதழோட ஃபார்ம் 31 போட்டு முதல்ல வாரிசு பேருக்கு மாத்தணும், அப்புறம்தான் உங்க பேருக்கு வரும். ஆர்சில இருக்கற ஓனர் முகத்தைப் பாக்காம பணம் கைமாறக் கூடாது.

ஆர்சி நம்பரை அரசாங்கத்தோட வாகன் சைட்ல போட்டுப் பாருங்க. பழைய புக்கு வண்டி பலது அதுல வராது, பதிவு பண்ணின பழைய ஆர்டிஓ ஆபீஸ்ல பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய பதிவை கம்ப்யூட்டர்ல ஏத்தினாதான் வரும். போய்க் கேட்டா "அந்த வருஷ ரெஜிஸ்டர் இல்லைங்க"ம்பாங்க. ரெஜிஸ்டரைப் பத்திரமா வைக்காதது யார் தப்பு? கரையான் அரிச்சதுக்கு வண்டிக்காரன் ஏன் ஆறு மாசம் அலையணும்? கோபம் வருது. ஆனா அந்த அலைச்சல் விக்கறவரோடதா இருக்கட்டும், என்ட்ரி ஏறி உங்க போன்ல தெரிஞ்ச பிறகு பேசுங்க.

உங்க கேஸ்ல பெட்ரோல்னு பதிவு இருக்கு, ஓடறது டீசல். ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சில ஏத்தாம இன்ஜின் மாத்தினது சட்டப்படி செல்லாது, எஃப்சில மாட்டும், விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க அதைத்தான் முதல்ல பிடிப்பாங்க. ஆர்சில கூட்ஸ்னு இருக்கா, பிரைவேட்டான்னும் நீங்க எழுதல. கூட்ஸ்னா வருஷா வருஷம் எஃப்சி, பின்னாடி ஆள் ஏத்தக் கூடாது. மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருந்தா பர்மிட் வேண்டாம், அது ஒண்ணுதான் நிம்மதி. டேக்ஸ் பாக்கி இருந்தா வண்டியோட சேர்ந்து உங்க தலைல விழும்.

வண்டியைப் பொறுத்தவரை, துணி சுத்தின காந்தத்தை கதவுக்கு அடில, மிதிபலகை ஓரத்துல வச்சுப் பாருங்க, ஒட்டலைன்னா உள்ள தகடு இல்ல, ஓட்டையை அடைச்ச பட்டிதான். ஸ்பிரிங் பட்டையும் அதைப் பிடிச்சிருக்கற யூ போல்ட்டும் எப்படி இருக்குன்னு கீழ படுத்துப் பாருங்க. பிரேக் நாலு வீல்லயும் டிரம், பெடலை லேசாக்கற பூஸ்டர் வராது. ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, குழந்தைங்களை வச்சுக்கிட்டு இறங்கும்போது டிரம் சூடானா பெடல் கீழ போயிடும். காய் ஏத்த வேணா இந்த வண்டியைப் பாருங்க, வால்பாறைக்கு வேற வண்டி எடுத்துக்கோங்க.

ஆர்சி ரெண்டு பக்கமும் போட்டோ, சேஸ் நம்பர் பென்சில் பிரிண்ட், இன்ஜின் நம்பர், இந்த மூணையும் புரோக்கர்கிட்ட கேளுங்க. தர்றேன்னா மேல பேசலாம். "அட்வான்ஸ் போட்டா அனுப்பறேன்"னா வேற வண்டி தேடுங்க தம்பி.