ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் லினக்ஸ் சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க அனுமதி கொடுப்பது எப்படி?

உங்கள் நிலைமை எனக்குப் புரிந்தவரை இது: ஒரு உபுண்டு சர்வர், மூன்று பேர் வெளியிலிருந்து நுழைகிறார்கள், மூவர் கையிலும் ஒரே ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி அக்கவுண்ட்) பாஸ்வேர்டு. புதிதாக வந்தவர் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை ரீஸ்டார்ட் செய்தால் போதும், வேறு எதையும் தொடக்கூடாது.

முதல் வேலையாக அந்தப் பொது பாஸ்வேர்டை ஒழித்துக்கட்டுங்கள். ஆளுக்கு ஒரு அக்கவுண்ட், ஆளுக்கு ஒரு எஸ்எஸ்ஹெச் கீ (தொலைவிலிருந்து பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய உதவும் சாவி ஃபைல்). ராத்திரி ஒரு ஃபோல்டர் காணாமல் போனால், இப்போது லாகில் ரூட் என்ற ஒரே பெயர்தான் தெரியும், யாரைக் கேட்பீர்கள்? தனி அக்கவுண்ட்டில் வந்து சூடோ (ஒரு கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டும் வழி) போட்டால் யார், எப்போது, எந்தக் கட்டளை என்று பெயரோடு பதிவாகும். உபுண்டு இயல்பாகவே ரூட் பாஸ்வேர்டைப் பூட்டித்தான் வைத்திருக்கும். உங்கள் சர்வரில் வாடகைக்குக் கொடுத்தவர்களோ வேறு யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள்.

மற்ற இருவரையும் எல்லாக் கட்டளைக்கும் சூடோ அனுமதி உள்ள சூடோ குரூப்பில் சேர்த்துவிடலாம். அதற்கான யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி-க்கு முன்னால் சின்ன ஏ கட்டாயம் வேண்டும். அதை விட்டால் ஏற்கெனவே இருந்த மற்ற குரூப்களிலிருந்து ஆள் வெளியே போய்விடுவார்.

புதியவரை அந்தக் குரூப்பில் சேர்க்கவே வேண்டாம். சூடோ விதிகள் இருக்கும் சூடோயர்ஸ் டாட் டி ஃபோல்டரில் அவருக்கென ஒரு ஃபைல் போடுங்கள், அதையும் அந்த விதிகளைத் திருத்துவதற்கான விசூடோ வழியாகவே திறங்கள். எழுத்துப்பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே சொல்லிவிடும். ஃபைல் பெயரில் புள்ளி வரக்கூடாது. பழக்கத்தில் கடைசியில் டாட் கான்ஃப் என்று போட்டால் சூடோ அந்த ஃபைலைக் கண்டுகொள்ளாது, எரரும் காட்டாது.

உள்ளே எழுதும் வரியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சர்வீஸ்களை இயக்கும் கட்டளையான சிஸ்டம்சிடிஎல் என்பதன் முழு பாத், அப்புறம் ரீஸ்டார்ட், அப்புறம் என்ஜின்எக்ஸ், மூன்றையும் எழுதுங்கள். வெறும் சிஸ்டம்சிடிஎல் என்று நிறுத்தினால் பின்னால் எதைச் சேர்த்தும் அவர் ஓட்டலாம். எடிட் என்று சேர்த்தால் ரூட் உரிமையோடு எடிட்டர் திறக்கும். அதற்குப் பிறகு சர்வர் முழுவதும் அவருடையது. நட்சத்திரக் குறியும் அப்படித்தான், இடைவெளியையும் தாண்டி எல்லாவற்றோடும் பொருந்திவிடும். சிஸ்டம்சிடிஎல்லைத் தரும் சிஸ்டம்டி-யின் பழைய பதிப்புகளில் ஸ்டேட்டஸ் பார்க்கும் அனுமதிகூட ஆபத்து: வெளியீடு நீளமானால் அதைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் திறக்கும், அங்கே ஆச்சரியக்குறி போட்டு எஸ்ஹெச் என்று அடித்தால் ரூட் ஷெல், அதாவது எந்தக் கட்டளையையும் ரூட்டாக ஓட்டலாம். விம் எடிட்டருக்குச் சூடோ கொடுப்பதும் இதே கதைதான். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கருக்கான குரூப்பில் சேர்ப்பது ரூட்டையே கொடுப்பதற்குச் சமம். எழுதி முடித்ததும் சூடோவோடு சின்ன எல், பெரிய யூ, அவர் பெயர் போட்டுப் பாருங்கள். அவரால் எதையெல்லாம் ஓட்ட முடியும் என்று காட்டும்.

சரி, இனி எஸ்எஸ்ஹெச். ரூட் லாகினையும் பாஸ்வேர்டு லாகினையும் நிறுத்த வேண்டும். "நோ என்று மாற்றிவிட்டேன், இன்னும் பாஸ்வேர்டு கேட்கிறது" என்று வருகிறவர்கள் அதிகம். காரணம், எஸ்எஸ்ஹெச்டி (சர்வரில் எஸ்எஸ்ஹெச் லாகினைக் கவனிக்கும் புரோகிராம்) கான்ஃபிக்கில் முதலில் வரும் மதிப்புதான் செல்லும். உபுண்டுவின் முக்கிய ஃபைல் தன் தொடக்கத்திலேயே எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் டாட் டி ஃபோல்டரை இழுத்துக்கொள்கிறது. கிளவுட் சர்வர்களில் அதற்குள் கிளவுட்-இனிட் (சர்வரை முதல்முறை அமைக்கும் கருவி) போட்ட ஃபைல் ஒன்று பாஸ்வேர்டுக்கு யெஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். கீழே நீங்கள் எழுதிய நோவுக்கு மதிப்பில்லை. எஸ்எஸ்ஹெச்டி-யைப் பெரிய டி போட்டு ரூட்டாக ஓட்டினால் உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எஸ்எஸ்ஹெச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த பிறகு திறந்திருக்கும் விண்டோவை மூடாதீர்கள். இன்னொரு விண்டோவில் கீயோடு உள்ளே போக முடிகிறதா என்று பார்த்தபின் மூடலாம்.

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது பாஸ்வேர்டைப் பூட்டினால் மட்டும் போதாது, கீ இருந்தால் நுழைந்துவிடலாம். யூசர்மாடில் காலாவதித் தேதியை 1 என்று வைத்து அக்கவுண்ட்டையே முடக்குங்கள். அவருடைய கீ பதிவாகியிருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலை நீக்குங்கள், திறந்திருக்கும் செஷன்களை முடியுங்கள், தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான கிரான்டேபையும் பாருங்கள். பழைய ரூட் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும் என்பதால், அது இன்னும் பூட்டாமல் இருந்தால் அதையும் அன்றைக்கே பூட்டிவிடுங்கள்.